துயரத்துக்கு முப்பத்தெட்டு மார்க்

சின்னதுரையின் கஷ்டத்துக்கு முப்பத்தெட்டு மார்க் போட்டிருந்தார்கள். பாஸ் மார்க் அறுபது.

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பின்னால், பழைய அரிசி மில் கிடங்கில் நடந்துவந்த அந்த அலுவலகத்தின் வாசலில், பலகையில் ஒட்டியிருந்த தாளை அவன் விரல் வைத்துப் படித்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி படித்தான். எண் மாறவில்லை. அரசாங்க எண்கள் அவ்வளவு சுலபத்தில் மாறுவதில்லை.

"படிச்சிட்டா நகருய்யா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் தள்ளியது. "இன்னா, கலெக்டர் பரீட்சையா எழுதிக்கிறே?"

பக்கத்தில் ஒரே ஆரவாரம். மெஷினில் இரண்டு விரல் போன வரதனுக்கு எழுபத்தொன்று வந்திருந்தது. நாலு பேர் அவன் முதுகில் தட்டினார்கள். "குடுத்து வெச்சவன்பா. வெரலுக்கே பன்னெண்டு மார்க்கு வந்துகீதாம்," என்று ஒரு கிழவர் பெருமூச்சு விட்டார். அவருக்குப் பத்து விரலும் இருந்தன. அந்தக் குறையைத் தலையெழுத்து என்று ஏற்றுக்கொண்டவராகத் தெரிந்தார்.

சின்னதுரைக்கு ஃபெயில் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் ஃபெயில் ஆனவன்தான். கணக்கில் ஆனான், பூகோளத்தில் ஆனான். கஷ்டத்தில்கூட ஃபெயில் ஆக முடியும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

எழுபத்து நாலாம் வருஷம் அது. நேற்றுவரை நாற்று நட்ட வயல்களில் புகைபோக்கிகள் முளைத்துக்கொண்டிருந்தன. சின்னதுரையின் அப்பா சேற்றில் நின்றார்; சின்னதுரை உருக்குப் பட்டறையில் நெருப்புக்கு முன்னால் நின்றான். இதற்குப் பெயர்தான் வளர்ச்சி என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். பட்டறை அவனுக்குக் கூலி கொடுத்தது, காக்கி நிஜார் கொடுத்தது, முழங்கையில் இரண்டு தழும்பும் கொடுத்தது. வீடு மட்டும் கொடுக்கவில்லை. ஏரிக் கலங்கலுக்குக் கீழே, புறம்போக்கில், மண் சுவரும் பனையோலைக் கூரையுமாக ஒரு குடிசை. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழியும். வழிகிற தண்ணீர் முதலில் விசாரிக்கும் முகவரி சின்னதுரையுடையது.

போன ஐப்பசியில் சோற்றுப் பானை தானாக எழுந்து, வாசலைத் தாண்டி மிதந்து போனது. நாலு குடிசை துரத்திப் போய்ப் பிடித்து வந்தான். சிரித்து மறந்துவிடக்கூடிய சங்கதிதான். ஆனால் இந்த ஐப்பசியில் அவன் மனைவி ஆரோக்கியமேரிக்குப் பிரசவம்.

"எனக்கு மாடி வோணாம், மச்சு வோணாம்," என்று அவள் சொல்லியிருந்தாள். "ஈரமில்லாத தரை ஆறடி குடு. பெத்துக்கினு நான் பாட்டுக்குக் கெடப்பேன். தண்ணியில புள்ள போட நான் இன்னா தவளையா?"

நியாயமான கேள்வி. பதில் தொழிற்பேட்டையின் ஓரத்தில் இருந்தது. அங்கே ஏழைகளுக்கென்று நாற்பது வீடுகள் கட்டி நிறுத்தியிருந்தார்கள். மஞ்சள் சுவர், பச்சைக் கதவு, சிமெண்டுத் தரை. ஒவ்வொரு கதவிலும் தேங்காய் அளவில் ஒரு பூட்டு. வீடு நாற்பது, மனு ஆயிரத்துக்கும் மேல். சிபாரிசு பிடித்தவனுக்குப் போய்விடக் கூடாது, நிஜமாகவே தேவைப்படுகிறவனுக்குத்தான் போக வேண்டும் என்று எங்கோ ஒரு நல்ல மனிதர் நினைத்திருக்கிறார். அந்த நினைப்பை நிறைவேற்ற ஓர் அலுவலகம் அமைத்தார்கள். நல்ல மனிதரின் கதை அத்தோடு முடிந்தது.

'தேவைநிலை முன்னுரிமை வீடு ஒதுக்கீட்டு அலுவலகம்' என்று போர்டு மாட்டினார்கள். ஜனங்கள் அதைக் கஷ்ட ஆபீஸ் என்றார்கள்.

ஆபீசின் தலைவர் ஸ்பெஷல் ஆபீசர் அருணாச்சலம். திருவள்ளூரிலிருந்து ஜீப்பில் வந்து போகிறவர். திறப்பு விழாவில் அவர் பேசிய பேச்சைக் கேட்டுச் சின்னதுரைக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"பெரியோர்களே! கண்ணீரைத் துடைப்பது அரசின் கடமை. ஆனால் எந்தக் கண்ணீர்? எவ்வளவு கண்ணீர்? வெங்காயம் நறுக்குகிறவளும்தான் அழுகிறாள்! ஆகவே இங்கே வந்து யார் அழுதாலும் நாங்கள் இரங்க மாட்டோம். முதலில் அளப்போம். என்னைக் கேட்டால் லஞ்சத்தைவிட இரக்கம் ஆபத்தானது. லஞ்சம் வாங்கியவனைப் பொறி வைத்துப் பிடித்துவிடலாம். இரக்கப்பட்டவனை எப்படிப் பிடிப்பது? இந்த அலுவலகத்தில் இரக்கத்துக்கு இடமில்லை என்று நான் பெருமையோடு அறிவிக்கிறேன்!"

கூட்டம் கைதட்டியது. சின்னதுரை எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான்.

*

அளக்க வந்தவர் பெயர் பரசுராமன். உத்தியோகம், துயர மதிப்பீட்டு ஆய்வாளர். சித்திரை மாதம் ஒரு வியாழக்கிழமை வரப்போவதாக முன்கூட்டியே ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கலங்கல் பக்கம் அதுவரை எட்டிப் பார்த்த அரசாங்கம், அம்மை குத்துகிறவர் ஒருவர்தான். இப்போது ஓர் ஆபீசர் வீட்டுக்கு வருகிறார்! மானம் போகலாமா?

விருந்தாளி வந்தால் இல்லாததையும் இருப்பதாகக் காட்டுவது கலங்கல்காரர்களின் வழக்கம். ஒரு குடிசைக்குப் பெண் பார்க்க ஆள் வருகிறது என்றால், மற்ற குடிசைகளில் இருக்கும் நல்ல சாமான் எல்லாம் அந்தக் குடிசைக்கு நடந்து போகும். காரியம் முடிந்ததும் நடந்து திரும்பும். அங்கே இருந்த ஒரே எவர்சில்வர் டம்ளர் அதுவரை ஏழு கல்யாணங்களை முடித்து வைத்திருந்தது.

அந்த டம்ளரின் சொந்தக்காரி பக்கத்துக் குடிசை அங்காளம்மாள். பட்டறை வாசலில் இட்லி விற்கிறவள். அவளே நேரில் கொண்டுவந்து கொடுத்தாள். மாதா கோயிலிலிருந்து கை வைத்த நாற்காலி வந்தது. யாரோ பூப்போட்ட ஜமுக்காளம் கொடுத்தார்கள். ஆபீசர் தலையில் பூரான் விழுந்து தொலைத்தால் என்ன செய்வது என்று சின்னதுரை கூரைக்குப் புது ஓலை போட்டான். ஆரோக்கியமேரி சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தரையைச் சாணம் போட்டு மெழுகி, கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பரசுராமன் வந்தார். ஒரு கையில் டேப்பு. மறு கையில் பூவாளி.

"பூவாளி எதுக்கு சார்?" என்றான் சின்னதுரை.

"ஒழுகல் டெஸ்ட்டுப்பா. சித்திரையில மழைக்கு நான் எங்க போறது?"

ஏணி வைத்து ஏறினார். கூரை மேல் தண்ணீர் தெளித்தார். இறங்கி உள்ளே வந்து, மாதா கோயில் நாற்காலியில் அமர்ந்து, சொட்டுக்காகக் காத்திருந்தார். புது ஓலை. ஒரு சொட்டு இறங்கவில்லை. காத்திருந்த நேரம் வீணாகாமல் அங்காளம்மாளின் இட்லியும் வடகறியும் அவருக்குள் இறங்கின. பிறகு எவர்சில்வர் டம்ளரில் காப்பி.

"வடகறி பிரமாதம்மா," என்றார் மனதாரப் பாராட்டி. அதை எழுதிக்கொண்டார்.

"சார்க்கு குந்த சௌகரியமா கீதா?" என்றாள் ஆரோக்கியமேரி, முகமெல்லாம் மரியாதையாக.

"ரொம்ப சௌகரியம்." அதையும் எழுதிக்கொண்டார்.

அவர் போன பிறகு கலங்கலே கூடி மகிழ்ந்தது. "எயுதிக்கினே இருந்தாருபா, பக்கம் பக்கமா!" என்று சின்னதுரை பூரித்தான்.

என்ன எழுதினார் என்பது வைகாசியில் தெரிந்தது. கை வைத்த நாற்காலியில் அமரும் குடும்பம். எவர்சில்வர் புழக்கம். கூரை ஒழுகவில்லை. காலை உணவு திருப்திகரம், ஆய்வாளரே சரிபார்த்தார். இருக்கை சௌகரியம். கடைசியாக, சிவப்பு மையில் ஒரு குறிப்பு: மனுதாரரின் மனைவி ஆய்வின்போது சிரித்த முகமாகக் காணப்பட்டார்.

மொத்தம் முப்பத்தெட்டு.

*

"ஏழு கல்யாணம் பண்ணி வெச்ச டம்ளரு, உன் ஊட்டக் கெடுத்துட்ச்சே நைனா!" என்று அங்காளம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஆரோக்கியமேரி பக்கம் திரும்பினாள். "ஏம்மே, நீ இன்னாத்துக்கு இளிச்சே?"

"நான் எங்கக்கா இளிச்சேன்? வடகறி வாசனைக்கு வாந்தி வராப்ல இருந்துச்சு. பல்லக் கடிச்சிக்கினு நின்னேன்."

"அத வாய்விட்டு எடுத்திருந்தா அஞ்சு மார்க்கு வந்திருக்கும்டி பாவி!"

மறு அளவை மனு போட்டார்கள். இந்த முறை அங்காளம்மாளே முன்னின்று யுத்த ஏற்பாடு செய்தாள். நாற்காலி கோயிலுக்குத் திரும்பியது. பாய், பானை, விளக்கு, கொடியில் கிடந்த துணி, எல்லாம் அவள் குடிசைக்குப் போயின. நாஷ்டா கிடையாது. ஆரோக்கியமேரி சிரித்தால் பல்லைப் பேர்த்துவிடுவதாக எச்சரிக்கை. சின்னதுரை தன் கையாலேயே கூரையில் பாதியைப் பிரித்துப் போட்டான். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் பருந்து பறப்பது தெரிந்தது.

பரசுராமன் ஏறினார். பூவாளியைச் சாய்த்தார். தண்ணீர் மொத்தமும் சின்னதுரையின் தலையில் கொட்டியது.

"ஒயுகுது சார்!" என்று அவன் குதித்தான்.

பரசுராமன் இறங்கி வந்து உள்ளே நின்று, ஆகாயத்தை வெகு நேரம் பார்த்தார்.

"இது எப்படிப்பா ஒழுகலாகும்? ஒழுகல்னா சொட்டு சொட்டா விழணும். சொட்டுக்குத்தான் மார்க். இது கொட்டுது. கொட்டுதுன்னா மேல கூரையே இல்லைன்னு அர்த்தம். வீட்டுக்கு நடுவுல கூரை இல்லாத இடத்துக்கு என்ன பேரு?"

சின்னதுரை தலையிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டான்.

"முற்றம்!" என்றார் பரசுராமன். அவர் குரலில் ஒரு தழுதழுப்பு இருந்தது. "திருவள்ளூர்ல முப்பது வருஷமா வாடகை குடுக்கறேன். என் வீட்ல முற்றம் கிடையாது. நல்ல வெளிச்சம், நல்ல காத்து... குடுத்து வெச்சவன்யா நீ."

சாமான் எதுவும் இல்லாததால் 'புழங்க ஏராளமான இடம்' என்று வேறு எழுதினார். மார்க் முப்பத்தொன்றுக்கு இறங்கியது.

அங்காளம்மாள் அசரவில்லை. மனுவில் 'ஜன நெருக்கடி' என்று ஓர் இனம் உண்டு. ஒரு கூரைக்கடியில் எத்தனை தலையோ அத்தனை மார்க். அவள் சோழவரத்திலிருந்து தன் தங்கையைக் குடும்பத்தோடு வரவழைத்தாள். தானும் போய் உட்கார்ந்தாள். மூன்றாம் முறை பரசுராமன் வந்தபோது அந்தக் குடிசைக்குள் நுழையவே அவருக்கு இடமில்லை. வாசலில் நின்று தலைகளை எண்ணினார். முகம் மலர்ந்தது.

"சபாஷ்! நெருக்கடிக்கு முழு மார்க்!"

சின்னதுரை கண்ணை மூடி மாதாவுக்கு நன்றி சொன்னான். அவன் கண்ணைத் திறப்பதற்குள் பரசுராமன் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

கேட்டது அங்காளம்மாளின் தங்கை புருஷனை. பெயர் ராஜவேலு. சோழவரத்தில் மூட்டை தூக்குகிறவர். நெஞ்சை நிமிர்த்தினார்.

"மண்டி நம்ம கையிலதான் சார் ஓடுது. மாசம் எப்படியும் ஐநூறு, அறுநூறு நிக்கும். டப்புக்கு நமக்குப் பஞ்சமே கெடையாது."

பரசுராமனின் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"யோவ்! இன்னாத்துக்குய்யா அப்படிப் பீத்திக்கினே?" என்று ஆய்வாளர் போனதும் அங்காளம்மாள் பாய்ந்தாள்.

"பெரிய மனுசன் கேக்குறாரு. மூட்டை தூக்கறேன்னா சொல்ல முடியும்? எம் பொண்டாட்டி பக்கத்துல குந்தினுகீறா. மானம் இன்னாவறது?"

அனைவர் வருமானத்தையும் கூட்டிப் பார்த்ததில் சின்னதுரையின் குடும்பம் உயர் வருவாய்ப் பிரிவில் ஏறியது. முடிவின் நகல் ஒன்று வருமான வரி அலுவலகத்துக்கும் அனுப்பப்பட்டது.

*

புரட்டாசி பிறந்தது. ஆரோக்கியமேரி இப்போது நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். வடகிழக்கில் மேகம் கூடும்போதெல்லாம் சின்னதுரை ஏரிக்கரை ஏறித் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தான். பட்டறைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஸ்பெஷல் ஆபீசரையே நேரில் பார்த்துவிடுவது என்று போனான்.

"சார், என்ன உடுங்க. வரதனுக்கு எழுபத்தொண்ணு வந்துச்சே, அவனுக்கே இன்னும் ஊடு வர்லியே?"

அருணாச்சலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படியொரு கேள்விக்காக அவர் பல மாதங்களாகக் காத்திருந்தது போலிருந்தது.

"உட்காரப்பா. சொல்கிறேன். இன்றைக்கு எழுபத்தொன்று மார்க் வாங்கியவனுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டேன் என்று வை. நாளைக்கு எழுபத்திரண்டு மார்க்கோடு ஒருத்தன் வந்து நின்றால்? அவன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அவனுக்குக் கொடுத்த பிறகு, நாளை மறுநாள் எழுபத்து மூன்று வந்து நின்றால்? கஷ்டத்துக்கு எல்லை உண்டா? நம் நாட்டில் உண்டா? சொல்!"

"இல்ல சார்."

"அதனால்தான் நாற்பது வீடும் இன்றுவரை பூட்டிக் கிடக்கிறது. ஒரே ஒரு தவறான ஒதுக்கீடு நடந்திருக்கிறதா? இந்த மாநிலத்திலேயே அப்பழுக்கில்லாத அலுவலகம் எங்களுடையதுதான். வீடு கொடுத்தவனெல்லாம் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறான். நான் வாங்கவில்லை."

சின்னதுரை கும்பிட்டுவிட்டு வந்தான். பேச்சு அவ்வளவு தெளிவாக இருந்தது. ரயில்வே கேட்டைத் தாண்டிய பிறகுதான், தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது உறைத்தது.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. நாலாம் நாள் காலையில், கூரையில் பாதியை ஏற்கெனவே இழந்திருந்த அந்தக் குடிசை, மீதிப் பாதியையும் சுவர்களையும் சேர்த்து ஒரே மூச்சில் கீழே போட்டது. நல்லவேளை, அப்போது ஆரோக்கியமேரி அங்காளம்மாளின் குடிசையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

இடிபாட்டைச் சின்னதுரை ஒரு முறை சுற்றி வந்து பார்த்தான். அடுத்த கணம் மழையில் ஓட ஆரம்பித்தான். அவன் ஓடிய ஓட்டத்தையும் முகத்தில் இருந்த களையையும் பார்த்தவர்கள், குழந்தைதான் பிறந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

"வியுந்திடுச்சி சார்!" என்று ஆபீசுக்குள் கத்தினான். "சுத்தமா வியுந்திடுச்சி! சொவரு, கூரை, அல்லாம் தரையோட தரை! இப்ப எத்தினி மார்க்கு சார்?"

அருணாச்சலம் வருத்தத்தோடு தலையசைத்தார்.

"அவசரப்பட்டுவிட்டாயே அப்பா. நாங்கள் மார்க் போடுவது குடியிருக்கும் வீட்டின் நிலைமைக்கு. வீடு மோசமாக இருக்கலாம். ஆனால் இருக்க வேண்டும். இல்லாத வீட்டில் டேப்பை எங்கே பிடிப்பது? பூவாளியை எங்கே சாய்ப்பது?"

"அப்ப ஊடே இல்லாதவனுக்கு?"

"அதற்கு 'அறவே இல்லாதோர் பிரிவு' என்று தனியாக ஒன்று வரப்போகிறது. கட்டடம் கிடைத்ததும் திறப்போம். பிரிவுக்கே இன்னும் வீடு கிடைக்கவில்லை. யோசித்துப் பார், உன்னைவிட அதன் நிலைமை மோசம்."

சின்னதுரையின் மனு ரத்தானது. அவனும் ஆரோக்கியமேரியும் அங்காளம்மாளின் குடிசையில் ஒரு மூலைக்குப் போனார்கள். அங்கும் கணுக்கால் தண்ணீர்தான்.

*

இதற்கிடையில் ஒரு பயங்கரம் நிகழ்ந்தது.

ஐப்பசி முதல் வாரம் அடித்த மழையில் அரிசி மில் கிடங்கின் தகரம் பறந்தது. ஆயிரத்துச் சொச்சம் மனுக்களும், அவற்றின் மறு அளவைகளும், நகல்களும், நகல்களின் நகல்களும் நனைந்தன. ஜீப்பிலிருந்து இறங்கிய அருணாச்சலம், ஓரத்தில் மை கரைந்து அழுதுகொண்டிருந்த ஒரு ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டார். அளக்காமலே அழுதார்.

"ஏழைகளின் ஃபைல்கள், பரசுராமன்! ஏழைகள் நனையலாம். காய்ந்துவிடுவார்கள். இவை நனைந்தால்?"

அன்று மாலைக்குள் உத்தரவு பிறந்தது. கோப்புகளின் தேவைநிலை அவசரமாக மதிப்பிடப்பட்டு, நாற்பது வீடுகளில் முதல் வீடு அவற்றுக்கு ஒதுக்கப்பட்டது. அலுவலக வரலாற்றில் முதல் ஒதுக்கீடு. தேங்காய்ப் பூட்டு திறந்தது.

வெள்ளம் புகுந்து பட்டறை மூடியிருந்ததால் கூலி வேலைக்கு ஆள் சுலபமாகக் கிடைத்தது. மறுநாள் காலையில் கட்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு போனவர்களில் சின்னதுரையும் ஒருவன். ஃபைல் நனையாமல் இருக்கத் தார்ப்பாய் கொடுத்தார்கள். ஆளுக்கு இல்லை, ஃபைலுக்கு.

பதினொரு மணி சுமாருக்கு, கட்டை இறக்கிவிட்டுத் திரும்பியவன், மழையில் இரண்டு உருவங்கள் வருவதைப் பார்த்தான். ஒன்று அங்காளம்மாள். இன்னொன்று அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"வலி கண்டுடுச்சிடா!" என்று அங்காளம்மாள் கத்தினாள். "நம்ம பக்கம் முட்டிக்கு மேல தண்ணி! எங்கன்னு படுக்க வைக்கறது? ஆஸ்பத்திரி ரோடு முயுகிக் கெடக்குது!"

சின்னதுரை கலங்கிப்போய்ச் சுற்றிலும் பார்த்தான். முப்பத்தொன்பது பூட்டுகள். ஒரே ஒரு திறந்த கதவு.

"அது... ஃபைலுக்கு ஒதுக்கினதுக்கா," என்றான் மெதுவாக. அவனை அவ்வளவு தூரம் பழக்கியிருந்தார்கள்.

ஆரோக்கியமேரி அவனைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவனைத் தாண்டி, படியேறி உள்ளே போனாள். சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. அப்புறம்தான் வாய்விட்டு ஒரு சத்தம் போட்டாள்.

அங்காளம்மாள் கட்டுகளை இழுத்து மறைப்பாக அடுக்கினாள். "அல்லாம் நம்ம ஜனத்தோட மனுதான. செத்த நேரம் காவல் நிக்கட்டும்."

உச்சி வேளைக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கும் ஜீப்புக்கும் பத்து நிமிஷம்தான் வித்தியாசம்.

"ஒதுக்கீடு ஆன வீட்டுக்குள் அந்நியர்களா?" அருணாச்சலம் குடையோடு வாசலில் துடித்தார். "வெளியே வரச் சொல்லுங்கள்!"

கதவிடுக்கில் அங்காளம்மாளின் முகம் தெரிந்தது. "இன்னும் கொடியே அறுக்கல சார். நீங்க வந்து அறுக்கிறீங்களா? அருவாமணை கீது."

அருணாச்சலம் இரண்டு அடி பின்வாங்கினார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பிரசவித்தவளை வெளியேற்ற விதி இல்லை. அனுமதிக்கவும் இல்லை. பரசுராமனைப் பார்த்தார். பரசுராமன் பூவாளியைக் கீழே வைத்தார்.

"சார், நாம மனுஷங்களைப் பத்தி யோசிக்க வேண்டாம். அது நம்ம இலாகாவும் இல்ல. ஒதுக்கீடு வாங்கினது யாரு? ஃபைலுங்க. அதுங்களோட நிலைமை இப்ப எப்படி இருக்குன்னு மட்டும் பார்த்துடறேன்."

டேப்போடு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்தார். எழுதியதைப் படித்தார்.

"ஃபைலுங்க சுவரோரமா நெருக்கித் தள்ளப்பட்டிருக்கு, ஜன நெருக்கடி முழு மார்க். வென்னீர் ஆவியால ஈரம், முழு மார்க். குழந்தை அழற சத்தத்தால நிம்மதிக் குறைவு, முழு மார்க். அடியில ரெண்டு கட்டு தலையணையா உபயோகம், அதுக்கு இனமே கிடையாது, நானா போட்டேன். மொத்தம் நூறு, சார். நூறுக்கு நூறு."

அருணாச்சலத்தின் முகம் வெளிறியது. நூறு மார்க் துயரத்தை அவர் தன் சர்வீசில் பார்த்ததில்லை.

"நூறா? ஒரு நிமிஷம்கூட அவை இங்கே இருக்கக் கூடாது! உடனே அடுத்த வீட்டைத் திறங்கள்!"

திறந்தார்கள். கட்டுகளைத் தலையில் வைத்துச் சுமந்து போய் அடுத்த வீட்டில் இறக்கியது சின்னதுரைதான். அதற்கும் கூலி கொடுத்தார்கள்.

செய்தி கலங்கல் தாண்டிப் போக அரை நாள் போதுமாயிருந்தது. மறுநாள் காலையில் வரதன் தன் குடும்பத்தோடு வந்து இரண்டாம் வீட்டில் ஃபைல்களுக்கு நடுவே பாயை விரித்தான். ஃபைல்கள் மறுபடி நெருக்கடிக்கு ஆளாயின. மூன்றாம் வீடு திறந்தது. அங்கே இன்னொரு குடும்பம் போய், அடுப்பு மூட்டி, புகையால் அவற்றை வதைத்தது. நாலாம் வீடு. ஐந்தாம் வீடு. இப்படி ஏழைகள் துரத்தத் துரத்த, ஏழைகளின் ஃபைல்கள் வீடு வீடாக ஓடின. கார்த்திகைக் கடைசியில் நாற்பதாவது வீட்டையும் இழந்து, அவை ஜீப்பில் குடியேறின. அருணாச்சலம் அன்று முதல் ஊத்துக்கோட்டை வழியாக பஸ்ஸில், நின்றுகொண்டே வந்து போனார்.

வருஷ முடிவில் அவர் மேலிடத்துக்குச் சமர்ப்பித்த அறிக்கையைச் சட்டசபையில் படித்துப் பாராட்டினார்களாம்.

"நாற்பது வீடுகளும் தேவைநிலை அடிப்படையில் மட்டுமே ஒதுக்கப்பட்டன. தகுதியில்லாத மனிதர் ஒருவருக்குக்கூட வீடு கொடுக்கப்படவில்லை. பயனாளிகளிடமிருந்து இன்றுவரை ஒரு புகாரும் இல்லை."

சின்னதுரைக்கு மட்டும் நிம்மதி இல்லை. ஒருநாள் வேலை முடிந்து, சேற்றுக் காலோடு படியில் நின்றபடியே கேட்டான்.

"ஏம்மே, மெய்யாலுமே இது யார் ஊடு? பேப்பர்ல நம்ம பேரு இல்ல. வாடகை கேட்டு எவனும் வர்ல. பரசுராமன் சாரு எதுர்ல வந்தா தலையக் குனிஞ்சிக்கினு போறாரு. எனக்கின்னாவோ பேஜாரா கீதும்மே. நாளைக்கு எவனாச்சும் வந்து, நீ யாருன்னு கேட்டா இன்னா சொல்றது?"

ஆரோக்கியமேரி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பார்வை அவன் பாதத்தில் வந்து நின்றது.

"அத வர்றவன் கேக்கட்டும். நீ மொதல்ல காலைத் தொடச்சிக்கினு உள்ள வா. இப்பத்தான் பெருக்கினேன்."